பேய் ஏன் பக்கத்து ஸ்டேட்டு பாஷை பேசுது?

கேள்வி: அக்கா, என் பையன் ஏழாவது படிக்கிறான். லீவுல டிவில சந்திரமுகி பாத்ததுல இருந்து எதிர் வீட்டுப் பொண்ண சந்திரமுகி சந்திரமுகின்னு கூப்பிட்டு அழ விடறான். அவங்க வீட்ல தெலுங்கு பேசுவாங்க, அதான் காரணமாம். டிப்ரஷனுக்கு மாத்திரை எடுக்கற என் நாத்தனாரையும் அப்படியே கூப்பிடறான், வீட்ல எல்லாரும் சிரிக்கறாங்க. பேய்ப்படமே பாக்கக் கூடாதுன்னு சொல்லிடவா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வேணாம்மா, தடை போட்டா செல்லுல ஒளிஞ்சு பாப்பான், அவ்ளோதான் நடக்கும். அதுக்குப் பதிலா இன்னொரு படத்தப் போட்டுக் காட்டுங்க. 1993ல வந்த மலையாளப் படம், மணிச்சித்ரத்தாழு, சந்திரமுகிக்கு மூலமே அதுதான். அதுல பேயோட பேரு நாகவல்லி, ஊரு எதுன்னு நினைக்கிறீங்க? தஞ்சாவூர். ஆமா, நம்ம தஞ்சாவூர்தான். ஹீரோயின் ஷோபனா அதுவரைக்கும் புருஷன்கிட்ட மலையாளத்துல கொஞ்சிட்டு இருப்பாங்க, திடீர்னு கண்ணு மாறும், குரல் மாறும், பேச்சு தமிழுக்குத் தாவும், அப்புறம் ஒத்தைக் கையால கட்டிலத் தூக்குவாங்க. ஆட்டம் ஆடற பாட்டும் தமிழ்தான். பாத்து முடிச்சதும் பையன்கிட்ட ஒண்ணு கேளுங்க, கேரளாவுல யாராவது ஒரு பையன் உன் தங்கச்சியப் பாத்து நாகவல்லின்னு கூப்பிட்டா உனக்கு எப்படிடா இருக்கும்னு.

இதுல வேடிக்கை என்னன்னா, 2004ல பி.வாசு அதையே கன்னடத்துல ஆப்தமித்ரான்னு எடுத்தப்போ பேய் தெலுங்குக்காரி ஆயிட்டா, மறு வருஷம் தமிழ்ல எடுத்தப்பவும் தெலுங்குக்காரியாவே இருந்துட்டா, 2007ல ஹிந்திக்குப் போனா பெங்காலி. எந்த ஊர்லயும் பேய் சொந்த ஊர்க்காரியா இருக்கவே மாட்டேங்கறா. சந்திரமுகி கதையவே யோசிச்சுப் பாருங்க, வெளியூர்ல இருந்து கூட்டிட்டு வந்த ஆட்டக்காரி, அவ மனசுல வேற ஒருத்தன், அதுக்காக அரண்மனைக்காரன் அவள உயிரோட கொளுத்தறான். கொன்னவன் உள்ளூரு, செத்தவ வெளியூரு, நாம பயப்பட வேண்டியது மட்டும் செத்தவளப் பாத்து! நானும் 2005ல தியேட்டர்ல விசிலடிச்சவதான், அன்னைக்கு இதெல்லாம் மண்டைல ஏறல.

2011ல வந்த காஞ்சனாவும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். திருநங்கையோட நிலத்தப் புடுங்கி அவங்களையும் கொன்னுடறாங்க, பேயா வந்தாதான் நியாயம் கேக்க முடியுது. படம் அவங்க பக்கம் நின்னது பெரிய விஷயம், இல்லைங்கல. ஆனா நடிச்சது சரத்குமார், அது மட்டுமில்லாம ஹீரோ உடம்புல அவங்க ஏறினதும் புடவை, நளினம்னு தியேட்டரே சிரிக்கற மாதிரிதான் பாதி சீன்.

நாத்தனார் விஷயம்தான் எனக்கு ரொம்ப உறுத்துது. படத்துல ஹீரோயினுக்கு இருக்கறதா சொல்ற, ஒரே ஆளு வேற ஆளா மாறிடற அந்த ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி வேற, டிப்ரஷன் வேற. முன்னாடி அத டாக்டருங்க மல்டிபிள் பர்சனாலிட்டின்னு சொல்லிட்டு இருந்தாங்க, 1994லயே டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்னு மாத்திட்டாங்க, அது பெரும்பாலும் சின்ன வயசுல பட்ட பெரிய அடியில இருந்து வர்றது, வருஷக்கணக்கா உக்காந்து பேசிப் பேசித்தான் சரி பண்ணுவாங்க, படத்துல மாதிரி ஒரே ராத்திரில பொம்மைய எரிச்சு இல்ல. நிஜத்துல அந்த நோய் இருக்கறவங்க பெரும்பாலும் அடுத்தவங்க கழுத்தப் புடிக்கறதில்ல, தன்னையே காயப்படுத்திக்கற ஆபத்துதான் அதிகம். வீட்ல சிரிக்கறவங்ககிட்ட நீங்கதான் கொஞ்சம் கறாரா பேசணும். இந்தக் கிண்டலுக்குப் பயந்து நாத்தனார் மாத்திரைய நிறுத்திட்டாங்கன்னா அப்புறம் யாரு பதில் சொல்றது? யார்கிட்டயாவது பேசணும் போல இருந்தா 14416, கவர்ன்மென்ட்டோட டெலி மானஸ் நம்பர், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, அவங்ககிட்ட குடுத்து வைங்க.

அப்புறம் பையன எதிர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சாரி சொல்ல வைங்க. அர்த்தம் தெரியாமயே சந்திரமுகில வர்ற அந்தத் தெலுங்குப் பாட்ட நாள் முழுக்கக் கத்திட்டு இருப்பான்ல, வரிக்கு வரி என்ன அர்த்தம்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுட்டு வரட்டும், அவ சொல்லிக் குடுக்கற மூட்ல இருந்தா.