வாங்கலாமா, வேண்டாமா? ஓட்டமும் முட்டி வலியும்

மூன்று வாரமாக ஓடுகிறேன். படி இறங்கும்போது முட்டிச் சில்லைச் சுற்றி வலிக்கிறது. 13,000 ரூபாய் ஷூ போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கவா?
– வேளச்சேரி வாசகர்

வாங்காதீர்கள். புதிதாக ஓடுகிறவர்களுக்கு ரொம்ப சகஜமாக வரும் வலி இது. பெரும்பாலும் காரணம் ஷூ இல்லை, அவசரம். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், தசைநாரும் மூட்டும் பழக மாதக்கணக்காகும், அதற்குள் நாம் தூரத்தைக் கூட்டிவிடுகிறோம். இப்போதைக்குத் தூரத்தைப் பாதியாக்குங்கள். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடும்போது லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலித்தால் நேற்று ஓடியது அதிகம். கூடவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் தொடைக்கும் இடுப்புக்கும் வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, வலி குறைந்ததும் படியில் ஒற்றைக் காலால் மெதுவாக இறங்குவது. இதற்குக் காசே வேண்டாம். முட்டி வீங்கினாலோ, மடக்கி நீட்டும்போது சிக்கிக்கொண்டாலோ, நடக்கும்போது கால் பிடிமானம் இல்லாமல் மடங்கினாலோ நேராக எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

பழைய ஷூவின் அடிப்பாகம் தேய்ந்துவிட்டதா? அப்படியானால் மாற்றுங்கள். போட்டு நடந்து பார்த்து வசதியாக இருக்கும் சாதாரண ஓட்ட ஷூ போதும்.

ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?
– திருச்சி வாசகர்

கூடாது. வலியை மறைத்துக்கொண்டு ஓடினால் எங்கே நிறுத்த வேண்டும் என்றே தெரியாது, சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

கடையில் ஒரு மெஷின் மேல் நிற்க வைத்தார்கள். திரையில் சிவப்பும் பச்சையுமாகப் பாதம் தெரிந்தது. 'தட்டைப் பாதம், அதனால்தான் முட்டி வலி' என்று 6,500 ரூபாய்க்கு இன்சோல் (ஷூவுக்குள் வைக்கும் மெத்தை அட்டை) விற்றார்கள். வலி கூடிவிட்டது. பில்லில் போட்டிருக்கிறது, திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
– கோவை வாசகி

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வலியோடு வந்தவரிடம் வியாபாரம் பண்ணியிருக்கிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இந்த மெஷின் மேல்தான். நிற்கும்போது பாதத்தில் எங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பதை அது காட்டும், அவ்வளவுதான். நீங்கள் எப்படி ஓடுகிறீர்கள், முட்டி ஏன் வலிக்கிறது என்பது அதற்குத் தெரியாது. தட்டைப் பாதத்தோடு வலியே இல்லாமல் ஓடுகிறவர்கள் நிறைய பேர். அமெரிக்காவில் தரைப்படை, விமானப்படை, மரீன் பயிற்சி வீரர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள்: ஒரு பிரிவுக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ, இன்னொரு பிரிவுக்கு எல்லாருக்கும் ஒரே வகை ஷூ. காயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. அது வெளிவந்தது 2009, 2010 வாக்கில். அப்புறமும் மெஷின் கடையில்தான் நிற்கிறது. எனக்கும் ஒரு கடையில் இதேபோல ஏற்றி இறக்கி, 'உங்கள் பாதத்துக்கென்றே செய்தது' என்று ஒரு ஜோடி இன்சோல் விற்றார்கள். மேல்துணி பிரிந்தபோது பார்த்தால் அடியில் 'எம்' என்று ரெடிமேட் அளவு அச்சடித்திருந்தது. மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ காலைப் பார்த்துச் சொல்லும் இன்சோல் வேறு விஷயம்.

சரி, பணத்துக்கு வருவோம். பில்லில் ஒரு வரி அச்சடித்துவிட்டதால் சட்டம் செல்லாமல் போகாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க வேண்டும். ஒரு பொருளின் பலனைப் பற்றிப் பொய்யாகச் சொல்லி விற்பதும் அதே கணக்குதான், உங்கள் வழக்கில் இதுதான் பலமான பிடி. என்ன சொல்லி விற்றார்கள் என்பதைத் தேதியோடு எழுதி, பில் நகலுடன் ஸ்பீட் போஸ்ட்டில் கடைக்கு அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். விடாதீர்கள் அம்மா.

சமூக வலைதள விளம்பரம் பார்த்து 9,000 ரூபாய் ஷூவை 799க்கு வாங்கினேன். பத்தே நாளில் அடி பிய்ந்துவிட்டது. பில் இல்லை, தனி நபர் எண்ணுக்குத்தான் பணம் அனுப்பினேன். என்ன செய்வது?
– மதுரை வாசகர்

பில் இல்லை, கடை முகவரி இல்லை, விலை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதில் எதுவுமே உங்களை நிறுத்தவில்லையா? விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேசுங்கள், வங்கியிலும் சொல்லுங்கள். அந்த ஷூவைப் பசை போட்டு ஒட்டி ஓடாதீர்கள்.

10 கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பணம் கட்டிவிட்டேன், முட்டி வலி. பணம் திரும்புமா? இல்லையென்றால் நண்பரை என் எண்ணில் ஓடச் சொல்லலாமா?
– சென்னை வாசகி

பதிவு செய்தபோது ஏற்றுக்கொண்ட விதிகளைப் படியுங்கள். பெரும்பாலான பந்தயங்களில் பணம் திரும்பாது, சிலர் பெயர் மாற்றமோ தூரம் மாற்றமோ அனுமதிப்பார்கள். அமைப்பாளர் பெயர் மாற்றித் தராமல் நண்பரை அனுப்பாதீர்கள். அவர் வழியில் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு கையில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் ரத்த வகையும்.

ஜிம் பயிற்சியாளர் முட்டிக்கு நல்லது என்று 2,400 ரூபாய்க்கு குளுக்கோசமின் (மூட்டுக்கு என்று விற்கும் துணைச்சத்து) டப்பா தருகிறார்.
– சேலம் வாசகர்

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதிலேயே போட்டிருக்கும். ஓட்டக்காரர் முட்டி வலிக்கு அதனால் பலன் என்று உறுதியான ஆதாரம் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், சீல் உடைக்காமல் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.