தொலைகாட்டி இல்லாத ஊரில் இருந்து வானியல் ஆராய்ச்சி செய்ய முடியுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: மட்டக்களப்பில் உயர்தரம், கணிதப் பிரிவு, வானியலில் ஆசை, பக்கத்தில் பெரிய தொலைகாட்டி எதுவும் இல்லை. "உனக்கு மிஞ்சிப்போனால் ஆய்வுகூட வேலைதான் கிடைக்கும், அதெல்லாம் வானியல் இல்லை" என்று ஒரு சேர் சொல்லிவிட்டார். அந்தக் கடைசி வசனம் என்னைச் சுட்டுவிட்டது. இல்லாவிட்டால் இரவு பதினொன்றரைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

முடியும். சேருக்கு மரியாதை குறையாமல் சொல்கிறேன், அந்த ஆய்வுகூட வேலையும் வானியல்தான். நான் வெளிநாட்டில் இரண்டு வருடம் செய்தது அதுதான். அந்த இரண்டு வருடத்தில் ஒரு தொலைகாட்டியையும் தொட்டதில்லை.

எனக்கு ஊர் படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை என்று வாவியின் இரண்டு கரைக்கும் வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்த சனங்கள் நாங்கள். வானியல் எங்களுக்கு வெளியூர்ச் சரக்கு என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதை விடுங்கள்.

பல்கலைக்கழக இறுதி வருடத்தில் ஒரு ஆய்வுத் திட்டம் செய்ய வேண்டியிருந்தது. கருவி இல்லை, காசும் இல்லை. அப்போதுதான் ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே என்று வானத்தையே கணக்கெடுக்கிற ஒரு திட்டம் இருப்பது தெரிந்தது. நியூ மெக்சிகோ மலையில் 2.5 மீற்றர் தொலைகாட்டி. 2000ஆம் ஆண்டு தொடங்கிய வேலை. ஒரு அலுமினியத் தட்டில் நட்சத்திரமும் விண்மீன் திரளும் இருக்கிற இடங்களில் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஒளியிழையை அந்த நாளில் கையால் செருகினார்களாம். ஆரம்பத்தில் ஒரு தட்டுக்கு 640 இழைகள். நெசவுத் தறிக்கு நூல் கோக்கிற மாதிரி. ஒரே நேரத்தில் அத்தனைக்கும் நிறமாலை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டை, கிடைத்துவிடும். அப்படிச் சேர்ந்த இலட்சக்கணக்கான நிறமாலைகளையும் யாரும் இலவசமாக எடுக்கலாம். ஹார்வர்டில் இருப்பவருக்கும் கொக்கட்டிச்சோலையில் இருப்பவருக்கும் அதே கோப்புத்தான். எங்களுக்கு இறங்க நேரம் கூட எடுக்கும், அவ்வளவுதான்.

நான் இருபது நட்சத்திரம் எடுத்தேன். ஒவ்வொரு மூலகமும் நிறமாலையில் தனக்கென்று சில கோடுகளைப் போடும்; அதில் சோடியத்தின் இரட்டைக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து, பழைய அட்டவணையில் உள்ள 589.0, 589.6 நனோமீற்றரோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகியிருக்கிறது என்பதில் இருந்து வேகத்தைக் கணித்தேன். டொப்ளர் விளைவு, நீங்களும் படித்திருப்பீர்கள்: விலகி ஓடுகிற பொருளின் ஒளிக்கு அலைநீளம் கூடும். ஒன்று செக்கனுக்கு 60 கிலோமீற்றர், இன்னொன்று 110, எல்லாமே எங்களை விட்டு விலகி ஓடுகின்றன. சராசரி 80 சொச்சம்! பக்கத்து அறைப் பெடியனை எழுப்பிக் காட்டினேன். நான் எடுத்த நட்சத்திரம் எல்லாம் ஒரே திசையில் ஓடுகிறது, ஏதோ பெரிசாகப் பிடித்துவிட்டேன் என்று நினைப்பு. இத்தனைக்கும் அந்தத் தளமே ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் வேகத்தைக் கணித்துப் போட்டிருக்கிறது. அது என்னுடையதோடு ஒத்துவரவில்லை. அவர்கள் பிழை விட்டுவிட்டார்கள் என்றே முடிவெடுத்தேன். சிரிக்க வேண்டாம், இருபத்திமூன்று வயது.

முன்வைப்பு நாளன்று, பின்வரிசையில் இருந்த வயதான விரிவுரையாளர் ஒருவர் கடைசியில் கேட்டார்: "மகன், நீ காத்துக்குள்ள அளந்தனியா, வெற்றிடத்தில அளந்தனியா?"

எனக்கு விளங்கவில்லை. மறுகா அவரே விளக்கினார். ஸ்லோன் தரும் அலைநீளம் வெற்றிடத்துக்கு உரியது. நான் வைத்திருந்த அட்டவணையோ ஆய்வுகூடத்துக் காற்றில் அளந்த எண்கள். காற்றில் அலைநீளம் பத்தாயிரத்தில் கிட்டத்தட்ட மூன்று பங்கு குறையும். அந்த விகிதம் எல்லாக் கோட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே பார்க்க அச்சு அசலாக டொப்ளர் மாதிரியே இருக்கும். அந்த வித்தியாசத்தை வேகம் என்று எடுத்துக் கணக்குப் போட்டால் செக்கனுக்கு 83 கிலோமீற்றர். என் நட்சத்திரங்கள் ஓடவில்லை. நடுவில் காற்று நின்றது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு மண்டையில் ஏறியது இன்னும் இறங்கவில்லை: வானத்தில் இருந்து வருகிற கோடு தனியாக எதையும் சொல்லாது. பூமியில் ஒருவர் அதே மூலகத்தை விளக்குக்குள் எரித்து, கோடு கோடாக அளந்து வைத்தால்தான் அதற்கு வாய் திறக்கும்.

முதலில் சூரியனின் நிறமாலையில் கண்டு, பிறகு பூமியில் கிடைத்த ஈலியம் வாயுவின் கதையை எல்லாரும் சொல்வார்கள், நான் விடுகிறேன். இரும்புக் கதையைச் சொல்கிறேன். 1869 சூரிய கிரகணத்தில் சூரியனின் வெளிவட்டத்தில் 530.3 நனோமீற்றரில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. தெரிந்த மூலகம் எதனோடும் பொருந்தவில்லை. புது மூலகம் என்று கொரோனியம் எனப் பெயரும் வைத்துவிட்டார்கள். எழுபது வருடம் அப்படியே போனது. கடைசியில் சுவீடன்காரர் எட்லென், வெற்றிடத்தில் தீப்பொறி அடித்து அளந்த சக்தி மட்டங்களை வைத்துக் கணக்குப் பார்த்தால், அது பதின்மூன்று இலத்திரன்களை இழந்த சாதாரண இரும்பு. அப்படி இழக்க வேண்டுமென்றால் சூரியனைச் சுற்றி வெப்பம் பத்து இலட்சம் பாகை அளவில் இருக்க வேண்டும். அது தெரிந்தது கிரகணம் பார்க்கப் போனவர்களால் மட்டுமா?

வெளிநாட்டில் எனக்குக் கிடைத்ததும் இரும்புதான், அதன் கோடுகளை அளக்கிற வேலை. சின்ன விரல் நுழையும் அளவு துளையுள்ள ஒரு இரும்பு உருளை, அதுதான் கதோட்டு, விளக்கின் எதிர் மின்முனை. உள்ளே கொஞ்சம் நியோன் வாயுவை விட்டு மின்னோட்டம் கொடுத்தால், துளைக்குள் செம்மஞ்சளாக ஒளிரும். வாயு அயன்கள் இரும்புச் சுவரில் மோதி அணுக்களைக் கிளப்பும், அவை ஒளிரும். பம்பின் சத்தம் ஊர் நெல் ஆலைச் சத்தம். அம்மா தொலைபேசியில் கேட்பார், "இன்டைக்கு எத்தன நட்சத்திரம் பார்த்தனீ?" "ஒண்டும் இல்லம்மா, இரும்பு விளக்குத்தான்." "அதுக்கு இஞ்ச வெல்டிங் கடையிலயே நிண்டிருக்கலாமே."

சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே போய், கலியாண வீட்டில் எல்லாருக்கும் முன்னால் என்னை "லைட் ரிப்பேர்காரன்" என்றார். அதனால்தான் உங்கள் சேரின் வசனம் சுட்டது.

கமென்டில் ஒருவர் வந்து, இலங்கையிலேயே மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறதே என்பார். ஓம், இருக்கிறது, நல்ல கருவி, வாய்ப்புக் கிடைத்தால் போங்கள். இன்னொருவர் "இனி எல்லாம் சர்வேதான், ஆய்வுகூடம் பழைய காலம்" என்பார். அவரிடம் ஒன்று கேட்க வேண்டும். நட்சத்திரங்களுக்கு இடையில் உள்ள தூசியிலும் வாயுவிலும் இருந்து வரும் அகலமான கோடுகளில் முதல் இரண்டை 1922இல் கண்டுபிடித்தார்கள். இன்று ஐந்நூறுக்கும் மேல். அவற்றில் 862 நனோமீற்றர்க் கோட்டை நட்சத்திரங்களை அளக்க அனுப்பிய கயா விண்கலம் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் ஒளியில் அளந்து, பால்வீதியில் எங்கெங்கே அது கிடக்கிறது என்று வரைபடமே போட்டுவிட்டது. சரி, அது என்ன பொருள்? இன்னும் தெரியாது. ஐந்நூற்றில் அடையாளம் உறுதியானது அறுபது காபன் அணுக்கள் பந்துபோல் சேர்ந்த ஒரு அயனின் சில கோடுகள் மட்டும். அதை உறுதிசெய்தது 2015இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு ஆய்வுகூடம், அந்த அயனைக் கெல்வினில் ஆறு பாகை வரை குளிர வைத்து.

நான் சர்வேயைக் குறைத்துப் பேசவில்லை, அது இல்லாவிட்டால் எனக்குப் பட்டமே இல்லை. தூக்கிக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது உதவும் என்று சொல்கிறேன். இப்போதே உங்கள் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து, அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் இரண்டிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அந்த ழகரம் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி. ஒரு எழுத்துக்கு மூன்று தடவை கொழும்புக்கு இரவு பஸ். மூன்றாவது தடவை கவுண்டரில் இருந்தவர் சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்து, இது இங்கே திருத்துவதில்லை, மட்டக்களப்பிலேயே செய்யலாம் என்றார். அதை முதல் தடவையே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு புலமைப்பரிசில் தவறியிருக்காது. சரி, போனது போகட்டும்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ஒரு பழைய சீடி, சப்பாத்துப் பெட்டி, இரண்டு சவர அலகு. அலகு இரண்டையும் நெருக்கி ஒட்டிப் பெட்டியில் ஒரு மெல்லிய பிளவு, எதிர்ப்பக்கத்தில் சீடி, ஒளியைப் பிரித்துப் பார்க்கிற பெட்டி தயார். சீடியின் தடங்களுக்கு இடையில் 1.6 மைக்ரோமீற்றர், ஒளியைப் பிரிக்க அது போதும். வீட்டில் காஸ் அடுப்பில் உப்புப் போட்ட உலை பொங்கி வழியும்போது சுவாலை மஞ்சளாகும், அதைப் பெட்டிக்குள்ளால் பாருங்கள். அந்த மஞ்சள் கோட்டின் இடத்தில்தான் சூரியனின் நிறமாலையில் கறுப்புக் கோடு இருக்கும். சூரியனை நேரே பார்க்காதீர்கள், வெள்ளைச் சுவரில் பட்ட வெளிச்சம் போதும். மறுகா பைதன் என்கிற கணினி மொழியைக் கொஞ்சம் படித்து, ஸ்லோனில் இருந்து ஒரே ஒரு நட்சத்திரம் இறக்குங்கள். அலைநீளம் வெற்றிடத்தில்!

அதற்கும் முன்னால், உங்கள் பாடசாலை அலுமாரியில் ஒரு நிறமாலைமானி இருக்கும், சாவி யாரிடம் என்று விசாரியுங்கள். எங்கள் காலத்தில் "உடைஞ்சா யார் பொறுப்பு" என்றே பூட்டி வைத்திருந்தார்கள். நான் கெஞ்சித் திறந்தபோது வில்லையில் பூஞ்சணம் பிடித்திருந்தது. சாரத்துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். நான் துடைத்தேன். அந்தக் கீறல் இன்னும் இருக்கும்.