பாதியில் நிற்கும் மென்பொருள் மேம்பாடு: பணத்தை நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கணக்கு, கிடங்கு, சம்பளம் மூன்றையும் இயக்கும் ஈஆர்பி மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பணியை வெளி நிறுவனம் ஒன்றிடம், முழு வேலைக்கும் முன்கூட்டியே பேசி முடித்த ஒரே தொகைக்கு ஒப்படைத்தோம். 14 மாதங்களில் முடிப்பதாகச் சொல்லித்தான் பணியைப் பெற்றார்கள். இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது பழைய தரவுகளை மாற்றுவது கூடுதல் வேலை என்று தனியாகப் பணம் கேட்கிறார்கள். நிலுவை இன்வாய்ஸைத் தீர்க்காவிட்டால் வேலையை நிறுத்துவார்களாம். பணத்தை நிறுத்திவிட்டு ஒப்பந்தத்தை ரத்து செய்ய நிர்வாகம் துடிக்கிறது. செய்யலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் ரத்துக் கடிதத்தை இப்போது அனுப்பாதீர்கள். இத்தகைய சண்டைகளில் அவசரப்பட்டு வெளியேறும் தரப்பே ஒப்பந்தத்தை மீறியதாக முடிந்துவிடும் ஆபத்து உண்டு.

முதலில் இன்வாய்ஸ். ஆட்சேபமுள்ள தொகையை எத்தனை நாட்களுக்குள், யாருக்கு, எந்த வடிவில் மறுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒரு பிரிவு இருக்கும். அதன்படி எழுத்தில் மறுத்துவிட்டு, ஆட்சேபமில்லாத பகுதியைக் கொடுத்துவிடுங்கள். பேசாமல் நிறுத்திவைத்தால் அவர்கள் கையில் ஆயுதத்தைக் கொடுத்ததாகும். இங்கிலாந்தில் சிஐஎஸ் என்ற காப்பீட்டு நிறுவனம் ஒரு தவணையைத் தர மறுத்தபோது, அதற்கு மென்பொருள் செய்துகொண்டிருந்த ஐபிஎம் அதையே காரணம் காட்டி ஒப்பந்தத்தை முறித்தது. அப்படி முறித்தது தவறு என்று 2021இல் நீதிமன்றம் கூறியது. வீணான செலவை ஈடாகப் பெறும் உரிமைக்கு சிஐஎஸ் 2022 மேல்முறையீடு வரை போராட வேண்டியிருந்தது. இழப்பீட்டிலிருந்து விலக்கப்பட்டவற்றைப் பட்டியலிட்ட ஒரே ஒரு பிரிவின் சொற்களே அதற்குக் காரணம். உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவையும் இழப்பீட்டு உச்சவரம்பையும் இன்றே வாசியுங்கள்.

வேலையை நிறுத்துவோம் என்ற மிரட்டல் அவர்களுக்கும் ஆபத்தானது. இங்கிலாந்திலேயே, டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்திடம் கூடுதல் பணம் கேட்டுப் பணியை நிறுத்திய மென்பொருள் நிறுவனமான அட்டோஸ்தான் ஒப்பந்தத்தைக் கைவிட்டதாக 2010இல் தீர்ப்பானது. எனவே மிரட்டல் வந்த ஒவ்வொரு மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள்.

தரவு மாற்றம் யாருடைய வேலை என்பதற்குப் பணி விவரப் பட்டியல்தான் பதில் சொல்லும். அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறு: உங்கள் ஊழியர் யாராவது “சரி, செய்யுங்கள், பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று எழுதியிருக்கிறாரா? கூடுதல் வேலைக்கு ஒப்புதல் தரும் கையொப்பமிட்ட ஆவணம் (மாற்றக் கோரிக்கை) இல்லாவிட்டாலும் அந்த ஒற்றை வரி உங்களுக்கு எதிராக நிற்கக்கூடும். பழைய தரவைச் சுத்தம் செய்து கொடுப்பது, சோதனைக்கு ஆள் அனுப்புவது போன்றவற்றில் உங்கள் பக்கம் நேர்ந்த தாமதங்களையும் மறைக்காமல் தேதிவாரியாக எழுதிவையுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தேடப்போவது அவற்றைத்தான்.

ஒப்பந்தத்துக்கு முன்பு சொன்ன 14 மாதக் கணக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். இங்கிலாந்தில் ஸ்கை தொலைக்காட்சி நிறுவனம் இடிஎஸ் என்ற கணினிச் சேவை நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், முறையான ஆய்வே இல்லாமல் கால அளவை உறுதியளித்தது ஏமாற்று என்று 2010இல் தீர்ப்பு வந்தது; இழப்பீட்டு உச்சவரம்பு அந்த ஏமாற்றுக்குப் பாதுகாப்பாகவில்லை. ஏமாற்றை நிரூபிப்பது கடினம். வெறும் தவறான கணிப்பு போதாது. ஆனாலும் விற்பனைக் கூட்டங்களின் குறிப்புகளை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, உறவு முற்றிலும் கெடுவதற்குள், உங்களுக்காக எழுதப்பட்ட நிரல்கள், அமைப்பு விவரங்கள், நிர்வாகிக் கடவுச்சொற்கள், தரவின் முழு நகல் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பணம் கொடுத்ததாலேயே நிரலின் பதிப்புரிமை உங்களுடையதாகிவிடாது. பல நாடுகளில் எழுத்துமூல உரிமை மாற்றம் வேண்டும். பழைய பதிப்பு இயங்கிக்கொண்டிருந்தால் எந்தக் காரணத்துக்காகவும் அதை அணைக்க விடாதீர்கள்.

இதன் பிறகே நோட்டீஸ்: எந்தப் பணி எந்தத் தேதியில் தவறியது என்று குறிப்பிட்டு, ஒப்பந்தம் சொல்லும் நாட்களுக்குள் சரிசெய்யக் கோருங்கள். எங்கள் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்ற வாக்கியம் அதில் இருக்கட்டும். கெடு முடிந்தும் அவர்கள் சரிசெய்யாவிட்டால், ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டதோ அங்குள்ள வழக்கறிஞர் பார்த்துச் சரிசொன்ன பிறகு ரத்துக் கடிதம் போகட்டும்.