28 கேள்விகளையும் கூட்டாதீர்கள்: நெருக்கீட்டை அளப்பது பற்றிக் கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு வினாக்கொத்துத் தயாரிக்கும் மாணவர்கள் கேட்டவை.

நெருக்கீட்டை (மன அழுத்தத்தை) அளந்தால் போதாதா அக்கா? அதற்கு முகங்கொடுக்கும் விதத்தையும் அளக்க வேண்டுமா? (கலைப்பீட மாணவி, திருநெல்வேலி)

வேண்டும் தங்கச்சி. கோஹென் குழுவினர் 1983இல் வெளியிட்ட உணரப்பட்ட நெருக்கீட்டு அளவுகோல், கடந்த ஒரு மாதத்தில் காரியங்கள் எவ்வளவு கைமீறிப் போனதாக உணர்ந்தீர்கள் என்றுதான் கேட்கிறது. 10 கேள்வி வடிவத்தில் 0 முதல் 40 வரை புள்ளி. 30 எடுத்த இருவரில் ஒருவர் பழைய வினாத்தாள்களோடு நூலகத்தில் இருப்பார். மற்றவர் விடுதியில் போர்வைக்குள் இருப்பார். எண் இருவருக்கும் ஒன்றுதான். இன்னொன்று: 4, 5, 7, 8ஆம் கேள்விகளின் புள்ளிகளைத் திருப்பிப் போட வேண்டும் (0ஐ 4ஆக, 4ஐ 0ஆக என்றவாறு). நான் மறந்து ஒரு கிழமை வீணாக்கினேன்.

ப்ரீஃப் கோப் அளவுகோலின் 28 கேள்விகளையும் கூட்டி ஒரே புள்ளியாக எழுதலாமா? (பொறியியல் மாணவர், கிளிநொச்சி)

கூடாது தம்பி. காவர் 1997இல் வெளியிட்ட அந்த அளவுகோலில் நெருக்கீட்டுக்கு முகங்கொடுக்கும் 14 முறைகள், முறைக்கு 2 கேள்விகள். திட்டமிடுதலும் அதில் உண்டு, குடியும் உண்டு. புட்டு மாவையும் மண்ணெண்ணெயையும் ஒரே தராசில் போட்டு நிறுத்து என்ன காண்பீர்கள்? மொத்தப் புள்ளி என்று ஒன்று கிடையாது என்பதைக் காவரே சொல்லிவிட்டார். ஆனாலும் ஆய்வேடுகளில் அந்தக் கூட்டல் ஓய்ந்தபாடில்லை.

தமிழாக்கத்தில் எங்கே சறுக்கும்?

‘யோசனை’யில். எந்தப் படிகளை எடுப்பது என்று தீவிரமாகச் சிந்தித்ததைக் கேட்கும் கேள்வி ஒன்று ப்ரீஃப் கோப்பில் உண்டு, திட்டமிடுதலுக்கு உரியது. அதை ‘கடுமையாக யோசித்தேன்’ என்று எழுதினால், நம் ஊரில் கவலைப்பட்டதாகத்தான் வாசிப்பார்கள். ‘ஆழ்ந்து ஆராய்ந்தேன்’ என்று எழுதுங்கள். பிறகு, மூலத்தைப் பார்த்திராத ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

நல்லூர்க் கோவிலுக்குப் போவதை ப்ரீஃப் கோப்பின் மதம் என்ற பிரிவில் சேர்க்கலாமா?

அவசரப்படாதீர்கள். அந்தப் பிரிவு கேட்பது வழிபாட்டையும் நம்பிக்கை தரும் ஆறுதலையும். 25 நாள் திருவிழாவில் தோழிகளோடு போய் ஐஸ்கிரீம் குடித்துவிட்டு வருபவர் தேடுவது வேறு. ‘கோவிலுக்குப் போனீர்களா’ என்று கேள்வியை மாற்றினால் இரண்டும் கலந்துவிடும்.

பரீட்சைக்கு முதல்நாள் வினாக்கொத்தைக் கொடுக்கலாமா?

ஒரு பீடத்துக்கு அப்படியும் மற்றதற்கு விடுமுறை முடிந்த பின்பும் கொடுத்துவிட்டுப் பீடங்களை ஒப்பிடாதீர்கள். வித்தியாசம் பீடத்தாலா பரீட்சையாலா என்று தெரியாது.

உணரப்பட்ட நெருக்கீட்டு அளவுகோலில் 35 புள்ளி எடுத்தவரை என்ன செய்வது?

இந்த அளவுகோல் நோயைத் தீர்மானிப்பதில்லை. பெயரில்லாமல் சேகரித்தால் அவரைத் தேடவும் முடியாது. ஆகவே எல்லோருடைய தாளிலும் கடைசிப் பக்கத்தில் மாணவர் ஆலோசகரைச் சந்திக்கும் இடத்தையும் தேசிய மனநல உதவி எண் 1926ஐயும் அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துச் செல்லும்படி வையுங்கள்.