கறி உருண்டையும் பாஸ்தாவும்: ஞாயிறு இரவுச் சமையலுக்குச் சில கேள்விகள்

ஏற்காட்டில் ஒரு சின்ன விருந்தினர் இல்லத்தின் சமையலறையைக் கவனித்துக்கொள்கிறேன். மலையேறி வருகிற குடும்பங்களில் பிள்ளைகள் பாஸ்தா கேட்பார்கள், பெரியவர்கள் கறி கேட்பார்கள். இரண்டையும் ஒரே தட்டில் முடிக்க, தக்காளி சாஸில் வேகிற கறி உருண்டையான மீட்பால் நல்ல வழி. சேலத்திலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் இதைப் பற்றி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன். அளவெல்லாம் அரை கிலோ கைமாவுக்கு. நாலைந்து பேர் சாப்பிடலாம்.

அஸ்தம்பட்டி: அக்கா, பிள்ளைகளுக்காகப் பலமுறை செய்து பார்த்தேன். பார்க்க அழகாக வருகிறது, கடித்தால் கெட்டி. முட்டையையும் பிரெட் தூளையும் கூட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம். எங்கே தப்பு?

கூட்டியதுதான் தப்பு. காய்ந்த பிரெட் தூள் கறியில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். முட்டை அதிகமானால் வெந்ததும் இறுகும். கறிக்கு ஈரம் கொடுக்கிற மாதிரி பிரெட்டைச் சேர்க்க வேண்டும்.

ஓரம் நீக்கிய பிரெட் 2 துண்டைப் பிய்த்து 100 மில்லி பாலில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். பிழியாமல் அப்படியே கரண்டியால் மசித்தால் கூழாகிவிடும். அதில் ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள், நசுக்கிய பூண்டு 3 பல், பொடியாக நறுக்கிய கொத்தமல்லித்தழை, வதக்கி ஆறவைத்த ஒரு வெங்காயம் எல்லாவற்றையும் போட்டு நன்றாகக் கலக்குங்கள். கைமா கடைசியில்தான் சேர வேண்டும். இந்த வரிசை முக்கியம். மசாலாவை முதலிலேயே கலந்துவிட்டால், கறி சேர்த்த பிறகு அதிகம் கிளற வேண்டியதில்லை.

சூடு பட்டதும் கறியின் புரத இழைகள் சுருங்கி, உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே தள்ளும். பாலைக் குடித்த பிரெட்டின் மாவுச்சத்து அந்த இழைகளுக்கு நடுவே இருந்தால், அவை ஒன்றோடொன்று இறுகப் பிணைய முடியாது. ஈரமும் அங்கேயே தங்கும்.

அடுத்தது கை. சப்பாத்தி மாவு மாதிரி பிசையவே கூடாது. உப்புப் பட்ட கறியைப் பிசையப் பிசைய, ஒட்டும் தன்மையுள்ள புரதம் கரைந்து வந்து எல்லாவற்றையும் இறுக்கிவிடும். சாசேஜுக்கு அது வேண்டும், நமக்கு வேண்டாம். விரல்களை அகல விரித்து, மேலும் கீழுமாகப் புரட்டி, கலந்தது தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். கலவை தளர்வாகத்தான் இருக்கும். பயந்துபோய்த் தூள் சேர்க்காதீர்கள், அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் உருட்ட வரும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, அழுத்தாமல், சின்ன எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டுங்கள். ஒன்று 35 கிராம் என்றால் 20 உருண்டைக்கு மேல் வரும்.

அம்மாபேட்டை: இது நம் கோலா உருண்டைதானே? அதையே செய்து பாஸ்தா மேல் வைத்தால் போதாதா?

வைக்கலாம், யார் தடுக்கப் போகிறார்கள்? ஆனால் கோலா உருண்டையின் அழகே அதன் மொறுமொறுப்பு. கறியை மசாலாவோடு வேகவைத்து வற்றவிட்டு, பொட்டுக்கடலையோடு அரைத்து, எண்ணெயில் பொரித்து எடுக்கிறோம். ஈரம் இருக்கக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு வேலையும். அதைத் தக்காளி சாஸில் போட்டால் பொட்டுக்கடலை சாஸைக் குடித்து ஊதிவிடும், மொறுமொறுப்பும் போய்விடும். மீட்பாலில் பச்சைக் கைமாவை உருட்டி, சாஸிலேயே வேகவிடுகிறோம். கோலாவை ரசம் சாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேச்சேரி: கறிக்கடையில் எந்தக் கறியைக் கைமா போடச் சொல்வது? தொடைக்கறிதான் நல்லது என்கிறார் வீட்டுக்காரர்.

குழம்புக்கும் வறுவலுக்கும் அவர் சொல்வது சரி. இதற்கு முன்னங்கால் பக்கத்துச் சப்பைக் கறி கேளுங்கள், அதில் கொழுப்பு கொஞ்சம் கூட இருக்கும். நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபது பங்கு கொழுப்பு இருந்தால்தான் உருண்டை மிருதுவாக வரும். முழுக்க மெலிந்த கறியை எவ்வளவு பக்குவமாகக் கலந்தாலும் வறண்டுதான் போகும்.

உங்கள் ஊர்ப் பெயரிலேயே செம்மறி இனம் இருக்கிறது. சேலம் கருப்பு என்று வெள்ளாட்டு இனமும் நம் மாவட்டத்துக்குச் சொந்தம். வெள்ளாட்டுக் கறியில் பொதுவாகக் கொழுப்பு குறைவு. அது கிடைத்தால் பாலை இன்னும் இரண்டு ஸ்பூன் கூட்டி, ஒரு ஸ்பூன் வெண்ணெயும் சேருங்கள். செம்மறி என்றால் அது தேவைப்படாது. கத்தியால் கொத்தித் தருவார்கள் என்றால் கைமாவைக் கொஞ்சம் பொடியாகக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து மிக்ஸியில் போடாதீர்கள், விழுதாகிவிடும்.

சூரமங்கலம்: எங்கள் வீட்டில் சிக்கன் மட்டும்தான். நெஞ்சுக்கறியை அரைத்துச் செய்தேன், தொண்டையில் அடைத்தது.

தொடைக்கறி வாங்குங்கள். நெஞ்சுக்கறிதான் வீட்டில் இருக்கிறது என்றால், 100 கிராம் மிருதுவான பனீரை உதிர்த்துச் சேருங்கள். இத்தாலியில் ரிக்கோட்டா என்கிற மிருதுவான பாலாடைக்கட்டியைச் சேர்ப்பதும் இதற்காகத்தான். கடையில் விற்கிற கெட்டிப் பனீர் வேண்டாம். வீட்டில் பாலைத் திரித்து, வடிகட்டிய சூட்டோடு எடுத்த ஈரப்பதமான பனீர்தான் சரி. ஆறவைத்துச் சேருங்கள்.

ஆத்தூர்: எங்களுக்கு ஜவ்வரிசி வியாபாரம். பிரெட்டுக்குப் பதில் ஊறவைத்த ஜவ்வரிசி போடலாமா?

2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு வாங்கியதில் எனக்கும் பெருமைதான். ஆனாலும் இதில் வேண்டாங்க. மரவள்ளி மாவுச்சத்து வெந்தால் பசையாக இழுக்கும். சீனச் சமையலில் துள்ளுகிற மாதிரி உருண்டை செய்ய அந்த மாவைப் போடுவது உண்டு. நாம் கேட்பது கரண்டியால் அழுத்தினால் பிரிகிற உருண்டை.

பிரெட் இல்லாத வீட்டுக்கு வேறு வழி இருக்கிறது. நேற்றைய இட்லி இரண்டை உதிர்த்துப் பாலில் ஊறவைத்தால் பிரெட்டின் வேலையைச் செய்யும். லேசான புளிப்பு வரும், தக்காளி சாஸில் அது தெரியாது. குழைந்த சாதமும் ஆகும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த இரண்டும்தான் என் யோசனை, ஆனால் பாஸ்தாவையும் அப்போது மாற்ற வேண்டியிருக்கும். பால் ஆகாதென்றால் எலும்பு வேகவைத்த தண்ணீரில் ஊறவையுங்கள்.

குகை: பப்பாளிக்காய் அரைத்துப் போட்டால் கறி பூவாகும் என்பார்களே?

துண்டுக்கறிக்குச் சரி. கைமாவில் போட்டால் பப்பாளியின் நொதி இழைகளைக் கரைத்து, கூழாக்கிவிடும். முற்றின ஆட்டுக் கறியாக இருந்தால் கால் டீஸ்பூன் சமையல் சோடாவைக் கைமாவில் தூவி 15 நிமிடம் வைத்துவிட்டு மற்றதைச் சேருங்கள். கால் டீஸ்பூனுக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும்.

ஃபேர்லேண்ட்ஸ்: வீட்டில் ஓவன் இல்லை. எண்ணெயில் பொரிக்கவும் விருப்பமில்லை.

பணியாரக்கல் இருக்கிறதா? அதைவிட நல்ல பாத்திரம் இதற்குக் கிடையாது. குழிக்குக் கால் ஸ்பூன் கடலெண்ணெய் விட்டு, மிதமான தீயில் உருண்டையை வைத்து, அடிப்பக்கம் நிறம் பிடித்து தானாக விட்டுக்கொடுக்கும்போது திருப்புங்கள். முன்கூட்டியே திருப்பினால் பிய்ந்துவிடும். உருண்டை வடிவமும் குலையாது, எண்ணெயும் சில ஸ்பூனோடு முடிந்துவிடும். சில்வர் வாணலியில் செய்வதென்றால் நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டும்.

மேலே நிறம் வந்தால் போதும், உள்ளே வேக வேண்டாம். மீதி வேலை சாஸில். மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, சின்னத் தீயில் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். சாஸ் தளதளவென்று கொதிக்கக் கூடாது, கொதித்தால் கறி மறுபடியும் இறுகும். சமையல் வெப்பமானி இருந்தால் உருண்டையின் நடுவில் ஆட்டுக்கறிக்கு 71, கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். கைமாவில் கிருமி உள்ளே வரைக்கும் கலந்திருக்கலாம் என்பதால் அரை வேக்காடு கூடாது. வெப்பமானி இல்லாதவர்கள் பெரிய உருண்டை ஒன்றைப் பிட்டு, நடுவிலும் நன்றாகச் சுடுகிறதா, முழுக்க வெந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். இந்த உருண்டை அதைத் தாங்கும்.

ஆவியில் வேகவைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேகும், மிருதுவாகவும் இருக்கும். ஆனால் கறி சிவந்தால் வருகிற மணம் இருக்காது. எனக்கு அது பத்தியச் சாப்பாடு.

செவ்வாய்ப்பேட்டை: சாஸ் ரொம்பப் புளிக்கிறது. கடையில் விற்கிற கெட்சப் ஊற்றிச் சமாளிக்கிறேன்.

கெட்சப்பில் சர்க்கரையும் வினிகரும் இருக்கிறது, வேண்டாம். நாட்டுத்தக்காளி மட்டும் போட்டால் புளிக்கத்தான் செய்யும். நன்றாகப் பழுத்த பெங்களூர் தக்காளி முக்கால் பங்கு, நாட்டுத்தக்காளி கால் பங்கு என்று ஒரு கிலோ எடுங்கள். சுடுதண்ணீரில் போட்டுத் தோலை உரித்து நறுக்கிக்கொள்ளுங்கள். 4 ஸ்பூன் எண்ணெயில் 5 பல் பூண்டு சிவக்காமல் வதங்க வேண்டும். பிறகு பொடியாகத் துருவிய ஒரு கேரட், தக்காளி, உப்பு. அரை மணி நேரம் வற்றவிட்டால் பச்சை வாசனையும் போகும், புளிப்பும் அடங்கும். கேரட்டின் இனிப்பு போதும், சர்க்கரை தேவைப்படாது. மிளகாய்த்தூள் உங்கள் விருப்பம். கரம் மசாலா மட்டும் வேண்டாம், போட்டால் குருமா ஆகிவிடும்.

ஏற்காடு: பாக்கெட்டில் 9 நிமிடம் என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் 9 நிமிடத்தில் நடுவில் மாவாகவே இருக்கிறது. பாஸ்தா மட்டமா, நான் மட்டமா?

இரண்டு பேரும் இல்லை, மலை. நாம் இருப்பது சுமார் 1500 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் குறைவதால் இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் கிட்டத்தட்ட 99. கொதிப்பது ஒன்றுபோலத் தெரிந்தாலும் சூடு குறைவு. பாக்கெட்டில் போட்டதற்கு மேல் மூன்று நான்கு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 நிமிடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துப் பாருங்கள். இதே காரணத்தால் இங்கே சாஸில் உருண்டைக்கும் இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு. உப்பு ருசிக்குத்தான். அது தண்ணீரைக் கூடுதல் சூடாக்கும் என்பார்கள், இந்த அளவு உப்புக்கு அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஆளுக்கு 80 கிராம் பாஸ்தா போதும், உருண்டை இருக்கிறதல்லவா. மைதா பாஸ்தா வாங்காதீர்கள். பாக்கெட்டில் டுரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா பாருங்கள், அது குழையாது. வடிக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வைத்து, சாஸோடு புரட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அதில் இருக்கிற மாவுச்சத்துதான் சாஸைப் பாஸ்தாவில் பிடிக்க வைக்கும். வடித்த பாஸ்தாவைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் அது போய்விடும்.

அழகாபுரம்: அப்பாவுக்குக் கறியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

கைமாவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பட்டன் காளான் சேருங்கள். மிகப் பொடியாக நறுக்கி, எண்ணெய் விடாமல் வாணலியில் தண்ணீர் முழுக்க வற்றும்வரை வதக்கி, ஆறவைத்துக் கலக்க வேண்டும். காளானின் ருசி கறியோடு ஒத்துப்போகும், பேரப்பிள்ளைகள் கண்டுபிடிக்க மாட்டார்கள். சௌசௌவைத் துருவிப் பிழிந்தும் போடலாம், ஆனால் ருசியில் காளான்தான் மேல். உப்பை அவருக்கு ஏற்ப எல்லோருக்குமே குறைத்துவிடுங்கள், தேவைப்படுகிறவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். எவ்வளவு கறி சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை.

கல்லூரி விடுதியிலிருந்து ஒரு தம்பி: இத்தாலிக்காரர்கள் ஸ்பகெட்டியோடு மீட்பால் சாப்பிடவே மாட்டார்களாமே? அப்போ நாம் செய்வது போலியா?

அங்கே கறி உருண்டையைப் பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிடுவார்கள், பாஸ்தா முதலில் வந்துவிடும். பெரிய உருண்டைகளை ஸ்பகெட்டி மேல் வைக்கிற பழக்கம், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்கா போன இத்தாலியக் குடும்பங்களிடம் வளர்ந்தது. சொந்த ஊரில் அரிதாகக் கிடைத்த கறி அங்கே அவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் 'சாப்பிடவே மாட்டார்கள்' என்பதும் முழுக்க உண்மையில்லை. அப்ருட்சோ பகுதியில் தெராமோ பக்கம், கொண்டைக்கடலை அளவுக் குட்டி உருண்டைகளைப் போட்டுப் பாஸ்தா செய்வார்கள். உருட்டப் பொறுமை இருந்தால் அதைச் செய்து பாரு தம்பி, விடுதியில் ஆள் பஞ்சமிருக்காது.

சைவத்தில் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் அதற்குப் பக்குவமே வேறு. இன்னொரு நாள் பார்ப்போம்.

ஐந்து ரோடு: இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். எதை முன்னாலேயே செய்து வைக்கலாம்?

நம் பக்கம் பல வீடுகளில் சனிக்கிழமை கறி கிடையாது, அதனால் ஞாயிறு இரவு என்றே கணக்குப் போடுகிறேன். சனிக்கிழமை சாஸை முடித்துவிடுங்கள், மறுநாள் ருசி கூடும். ஞாயிறு காலை கறிக்கடையில் கூட்டம் சேரும் முன் கைமாவை வாங்கி, நேராக ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்திருந்தால் கொழுப்பு இளகி, கலவை கையில் பிசுபிசுக்கும். சாயங்காலம் உருட்டினால் ஒரு மணி நேரத்தில் சாப்பாடு.

கூடுதலாகச் செய்தால் பச்சை உருண்டைகளைத் தட்டில் இடைவெளி விட்டு ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து, இறுகியதும் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் தாங்கும். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைநிலை போன பிறகு சமைக்க வேண்டும்.

மிச்சம் விழுந்தால்?

பாஸ்தாவையும் உருண்டையையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள், ஒன்றாக வைத்தால் காலையில் பாஸ்தா சாஸை எல்லாம் குடித்திருக்கும். உருண்டையை சாஸோடு சூடாக்கித் தோசைக்கு வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அதற்காகவே நாலு உருண்டை ஒளித்து வைக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார்.