விளாவாத கடல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடல் சூடாவதைப் பற்றித்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

இந்தியப் பெருங்கடல் ஒரு டிகிரி சூடாகிவிட்டது என்று எழுதுகிறீர்கள். எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரே காலைக்கும் மதியத்துக்கும் ஐந்து டிகிரி மாறும். ஒரு டிகிரிக்கு ஏன் இவ்வளவு கவலை? (மதுரை)

தொட்டித் தண்ணீர் ராத்திரி ஆறிவிடும். கடல் ஆறவில்லை, கவலையே அதுதான். 1950 முதல் 2020 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு நூற்றாண்டுக்குச் சுமார் 1.2 டிகிரி செல்சியஸ் என்ற வேகத்தில் ஏறியிருக்கிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கால் தலைமையில் வந்த கணக்கு இது. பூமியில் தேங்கும் உபரி வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள்தான் போய்ச் சேர்கிறது. பசிபிக்கும் அட்லாண்டிக்கும் வடக்கே துருவப் பக்கம் வரை நீள்கின்றன. நம் கடலுக்கு வடக்கே ஆசியா சுவர்போல நிற்கிறது. கிழக்கே இந்தோனேசியத் தீவுகளின் இடுக்கு வழியாகப் பசிபிக்கின் வெந்நீரும் உள்ளே வருகிறது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. குளிக்கும்போது வாளியில் பச்சைத்தண்ணீர் இருக்க, மேலாக வெந்நீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். மேலே கை சுடும், அடியில் சில்லென்று இருக்கும். கை விட்டு விளாவினால்தான் கலக்கும். கடலில் விளாவும் கை காற்றுதான். மேல் தண்ணீர் சூடேறி லேசாகிவிட்டால், அதே காற்றால் முன்போல விளாவ முடிவதில்லை. உரச்சத்தெல்லாம் அடியில் உள்ள குளிர்ந்த தண்ணீரில் இருக்கிறது. அது மேலே வராவிட்டால் நுண்பாசி வளராது, நுண்பாசி இல்லாவிட்டால் மீனுக்கு இரை இல்லை. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் இந்த நுண்பாசி 20 விழுக்காடு வரை குறைந்திருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு டிகிரி அவ்வளவு தூரம் போகிறது.

சாளை விலை ஒரு வருடம் கிலோ ஐம்பதுக்கு வருகிறது, அடுத்த வருடம் கண்ணிலேயே படுவதில்லை. கடல் சூடுதான் காரணமா? (நாகர்கோவில்)

பாதிக் காரணம் என்று சொல்வேன். மத்தி என்றும் சாளை என்றும் நாம் சொல்லும் இந்த மீன் நுண்பாசியை நேராகத் தின்று வளர்வது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையோரம் அடித்தண்ணீரை மேலே கொண்டுவரும் மாதங்கள்தான் அதற்கு விருந்து. அந்த விளாவல் தவறினால் மீன் மெலியும், முட்டை குறையும், அல்லது கூட்டமாக இடம் மாறும். கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி கரைக்கு வந்தது. 2021-இல் வந்தது 3,297 டன். அச்சுப்பிழை இல்லை, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கே அதுதான்.

ஆனால் பழி முழுவதையும் சூட்டின்மேல் போட்டால் நியாயமில்லை. நன்றாகக் கிடைத்த வருடங்களில் குஞ்சுகளையும் அள்ளினோம். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. நீங்கள் சந்தையில் மீன் வாங்கும்போது விரல் நீளக் குஞ்சு மலிவாகக் கிடைத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் அடுத்த தடவை குஞ்சு அள்ளும் மடிவலை கடலில் இறங்காது.

பவளம் வெளுத்துவிட்டது என்றால் செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்? (தஞ்சாவூர்)

இல்லை. இதைப் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் செத்துவிட்டது என்று நினைத்துத்தான் பலர் கைவிடுகிறார்கள்.

பவளம் ஓர் உயிர். அதன் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்தின் நிறமும் பெரும்பங்குச் சாப்பாடும் அதனிடமிருந்து வருபவை. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அந்தச் சூடு சில வாரம் நீடித்தால், பாசியே நஞ்சைச் சுரக்க ஆரம்பிக்கிறது. பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. சதை கண்ணாடிபோல் ஆகி, அடியில் இருக்கும் சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. அப்போது அது பட்டினி கிடக்கிறது, சாகவில்லை. தண்ணீர் சீக்கிரம் ஆறினால் பாசி திரும்பக் குடியேறும்.

2016 மே மாதம் தூத்துக்குடிக்கு எதிரே உள்ள ஒரு தீவை ஒட்டி முங்கினேன். மூன்று மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மான்கொம்புப் பவளங்கள் ஒரு திட்டு முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் நின்றன. அந்த வெள்ளைக் கிளைகளுக்குள் சின்ன நீல மீன்கள் ஒன்றும் நடக்காததுபோல் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தன. மூன்று மாதம் கழித்து அதே இடத்துக்குப் போனேன். கொம்புகள்மேல் பழுப்புப் பாசி படிந்திருந்தது, என் துடுப்புக்காலின் அசைவுக்கே ஒரு கிளை ஒடிந்து விழுந்தது. நீல மீன்களைக் காணோம். ஆனால் பக்கத்திலேயே உருண்டைப் பவளங்கள் பல, பழைய பழுப்பு நிறத்துக்குத் திரும்பியிருந்தன. ஒன்றின்மேல் கை நிழல் படும்படி நெடுநேரம் மிதந்துகொண்டிருந்தேன். அந்த வருடம் மன்னார் வளைகுடாவின் பவளத்தில் சுமார் 16 விழுக்காடு செத்தது.

1998, 2010, 2016, 2024 என்று வெளுப்பு திரும்பத் திரும்ப வருகிறது. தேற நீண்ட இடைவெளி வேண்டும், அதுதான் கிடைப்பதில்லை. அப்புறம், சூட்டுக்கு முன்பே நாம் அடித்த அடியையும் மறக்கக்கூடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள் கிடக்கின்றன. சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டு வெட்டி எடுத்தோம், அலையைத் தடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

கரையில் ஒதுங்கிய செத்த பவளத்தை மீன்தொட்டிக்கு எடுக்கலாமா? (சென்னை)

கூடாது. செத்ததும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டதுதான்.

கள்ளக்கடல் புவி வெப்பமயமாதலால் வருவதா? (குளச்சல்)

கள்ளக்கடல் என்ற பெயர் உங்கள் கரை மக்களும் கேரளக் கடலோடிகளும் வெகுகாலமாகச் சொல்வது. பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே, தென் பெருங்கடலில் அடிக்கும் பெரும்புயல் எழுப்பும் அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடி நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது. கடல் திருடன்போல ஏறிவரும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்ததும் அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். அந்தச் செய்தி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஆக, அலை பிறப்பதற்குக் காரணம் புயல். ஆனால் சூடான தண்ணீர் விரிவடைந்து கடல்மட்டம் உயர உயர, அதே அலை இன்னும் உள்ளே வரும். ஒரு நல்ல விஷயம்: இந்த அலைகள் வந்து சேரச் சில நாள் ஆகும், அதனால் முன்கூட்டியே சொல்ல முடியும். ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் என்கிற கடல் தகவல் மையம் எச்சரிக்கை விடுகிறது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

கடல் சில நாள் பச்சையாகி மீன் செத்து ஒதுங்குகிறது. ஆலைக் கழிவா? (பாம்பன்)

2019 செப்டம்பரில் உங்கள் பக்கம் நடந்தது நுண்ணுயிர்ப் பெருக்கம், உங்கள் ஊரில் பூங்கோரை என்பார்கள். அது அளவுக்கு மீறிப் பெருகி மடியும்போது தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. கரையிலிருந்து போகும் சாக்கடையும் உரமும் அதற்குத் தீனி போடும் என்பதால் கழிவுக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு பெண்களுக்கு வருமானம் தருகிறது. அதை ஏன் எதிர்க்கிறீர்கள்? (மண்டபம்)

வருமானத்தை எதிர்க்கவில்லை. மரிக்கொழுந்து என்கிற கடற்பாசியை எடுக்கும் பெண்களோடு வத்தை என்கிற சிறு படகில் போயிருக்கிறேன். விரல்களில் துணிக் கீற்றைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி முங்கி எடுப்பார்கள். கரை ஏறும்போது துணி பிய்ந்து விரல்நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும். மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பது அதைவிட உடம்புக்கு எளிது என்று ஓர் அக்கா சொன்னதை நான் மறுக்கவே முடியாது.

ஆனால் கப்பாபைகஸ் பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. ஆராய்ச்சிக்காக வந்தது, பிறகு மண்டபத்தில் வளர்ப்புக்கு வந்தது. ஒடிந்த துண்டு எங்கே ஒதுங்குகிறதோ அங்கேயே அது வளரும். 2008-இல் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின்மேல் இது பாய் விரித்ததுபோல் படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். வெளுத்துத் தேறிக்கொண்டிருக்கும் பவளத்தின்மேல் இது மூடினால் அது வெளிச்சம் இல்லாமலே சாகும். இதில் இன்னொரு சிக்கல், தண்ணீர் அதிகம் சூடானால் இந்தப் பாசியும் தாங்காது. அப்போது பெண்கள் கையில் கடன்தான் மிஞ்சும். நம் கடலிலேயே விளையும் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து இவற்றை மிதவையில் வளர்க்கும் வழிக்குப் பணமும் பயிற்சியும் போகட்டும் என்பதே என் வாதம். விளைச்சல் குறைவு என்பார்கள். உண்மைதான், அந்தக் குறையை அரசு ஈடுகட்ட வேண்டும்.

தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் எங்கட கடலை வழிக்கிறதைப் பற்றியும் கொஞ்சம் எழுதுவீர்களா? (யாழ்ப்பாணம்)

எழுதவேண்டியதுதான். பாக் நீரிணையில் பல இடங்களில் 10 மீட்டர் ஆழம்கூட இல்லை. வெயில் அடிவரை போவதால் கடற்புல் வயல்போல விளைகிறது. இறால் குஞ்சும் நண்டும் அங்கேதான் வளர்கின்றன, ஆவுளியா என்கிற கடற்பசு அதைத்தான் மேய்கிறது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கரிமத்தையும் அந்தப் புல்லின் வேர்தான் மண்ணுக்குள் பிடித்துவைத்திருக்கிறது. இழுவைமடி ஒருமுறை போனால் வேரோடு வருகிறது. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. தமிழ்நாடு 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதே புல்வெளி எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது. இந்தப் பக்கம் காத்துவிட்டு அந்தப் பக்கம் நம் விசைப்படகுகள் வழித்தெடுப்பதை எந்த நியாயத்தாலும் சரி என்று சொல்லமுடியாது. எங்கள் மீனவர்கள் சிறையில் வாடுவதும், உங்கள் சிறு வள்ளக்காரர்களின் வலை அறுபடுவதும் எனக்கு ஒரே துயரமாகத்தான் படுகிறது.

கடல் உயிரியல் படிக்க ஆசை. நீந்தத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். (திருச்செந்தூர்)

நீச்சல் ஒரு மாதத்தில் வந்துவிடும், தம்பி. அதுவரை கரையிலேயே வேலை இருக்கிறது. ஒரு நோட்டு வாங்குங்கள். ஞாயிறு காலை ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய், என்ன மீன் வந்தது, எவ்வளவு நீளம், எத்தனை பாகம் ஆழத்தில் பிடித்தார்கள், அன்று அடித்தது வாடைக்காற்றா கச்சான் காற்றா என்று எழுதுங்கள். பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஒரு வருடம் எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து படிக்கிறேன்.