ஏசிக்கு எத்தனை ஆம்பியர் எம்சிபி?

ஒன்றரை டன் ஏசிக்குப் போட்ட 16 ஆம்பியர் எம்சிபி மத்தியான நேரத்தில் அடிக்கடி விழுகிறது. எலக்ட்ரீசியன் 32 மாட்டிவிடலாம் என்கிறார். சரிதானா? (திருநகர்)

வேண்டவே வேண்டாம். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச். அது காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. உங்கள் ஏசி ஓடும்போது இழுப்பது சுமார் 7, 8 ஆம்பியர்தான். அதற்கே 16 விழுகிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அதே லைனில் கீசர் ஓடுகிறதா? வெளி யூனிட்டில் தூசி அடைத்திருக்கிறதா? எம்சிபியின் திருகு தளர்ந்தாலும் அந்த இடம் சூடேறி விழும். இன்னொன்று, அதன் அளவே 30 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டது. மதுரை அக்கினி நட்சத்திரத்தில் வெயில் படும் பெட்டிக்குள் இருந்தால் சீக்கிரமே விழத்தான் செய்யும்.

செல்லூரில் ஒரு வீட்டில் ஒன்றரை சதுர எம்எம் வயரில் 32 ஆம்பியர் எம்சிபி போட்டிருந்தார்கள். ஏசி பாயிண்டைக் கழற்றினேன். சிவப்பு வயர் காப்பித்தூள் நிறமாகி, விரல் பட்டதும் மேலுறை உதிர்ந்தது. எம்சிபி ஒருமுறைகூட விழவில்லையாம். அடுத்த அறையில் தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்காதீர்கள்.

கடையில் எம்சிபி கேட்டால் பி வகை வேண்டுமா, சி வகை வேண்டுமா என்று கேட்கிறார்கள். (மேலூர்)

சி வாங்குங்கள். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் கரண்டைப் பல மடங்கு இழுக்கும். பி வகை தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கிலேயே சட்டென்று விழுந்துவிடும். சி வகை 5 முதல் 10 மடங்கில்தான் அப்படி விழும். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாகக் கிளம்பும், ஆனாலும் சி போடுவதே வழக்கம்.

ஒரு டன்னுக்கும் இரண்டு டன்னுக்கும் என்ன போடலாம்? (உசிலம்பட்டி)

ஒரு டன்னுக்கு ரெண்டரை சதுர எம்எம் காப்பர் வயர், 16 ஆம்பியர். இரண்டு டன்னுக்கு நாலு சதுர எம்எம் வயர், 20 அல்லது 25. எதுவானாலும் பெட்டியிலிருந்து ஏசிக்கென்று தனி லைன் இழுங்கள்.

எம்சிபி இருக்கும்போது ஆர்சிசிபி எதற்கு? (ஆனையூர்)

ஆளுக்கு ஷாக் அடித்தால் எம்சிபிக்குத் தெரியாது. உயிரை எடுக்கும் கரண்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கசிவைக் கண்டு உடனே துண்டிக்கும். எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். அப்புறம், அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் அன்றைக்கே ஆளை வரவழைத்துச் சரிபாருங்கள்.